சிவப்புக் குழாயும் கேக் ஸ்டாண்டின் நாலாவது காலும்

கேக்கக்காவுக்குக் கார் பைத்தியம் பிடித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை கார் என்றால் அவளுக்கு நாலு சக்கரத்தில் ஓடும் குளிர்பெட்டி. கிரீம் உருகாமல் கேக்கை மண்டபத்தில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரர் வேலை மாற்றலாகிக் கிளம்பும்போது தன் பழைய காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏசி எப்படி?"

"ஜில்லுனு இருக்கும். வண்டி மட்டும் கொஞ்சம் ஆர்வமா ஓடும்," என்றார் அவர்.

அந்த ஆர்வம் என்னவென்று முதல் டெலிவரியிலேயே தெரிந்துபோனது. பின்சீட்டில் நாத்தனார், மடியில் இரண்டடுக்குக் கல்யாண கேக். முன்னால் ஒரு லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. தாண்டிவிடலாம் என்று கேக்கக்கா ஆக்சிலேட்டரை அழுத்தினாள். எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம். அடுத்த நொடி யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. லாரி பின்னால் புள்ளியாகிவிட்டது.

"அண்ணி! மாப்பிள்ளையைக் காணோம்!" என்று அலறினாள் நாத்தனார்.

கேக் உச்சியில் நின்ற சர்க்கரைப் பொம்மைகளில் பெண் மட்டும்தான் மிச்சம். வண்டியை ஓரங்கட்டித் தேடினார்கள். மாப்பிள்ளை நாத்தனாரின் கைப்பையில் தலைகீழாகக் கிடந்தார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். மாப்பிள்ளையைத் துடைத்து, காலில் கொஞ்சம் ஐசிங் வைத்து ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்குத் தொற்றியதுதான். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பேக்கரி. இரண்டு ஓவன், ஒரு நீள மேஜை, எங்கே தொட்டாலும் மைதா. கேக் வேகும் நேரத்தில் அந்த விசிலுக்கும் பாய்ச்சலுக்கும் காரணமான டர்போ பற்றி அவள் கைபேசியில் படிக்க ஆரம்பித்தாள். எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகையே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது, அந்தச் சுழற்சியில் எஞ்சினுக்குள் கூடுதல் காற்று திணிக்கப்படுகிறது என்று புரிந்தபோது, "வீணாப் போறதை வெச்சே வேலை வாங்குது பாருங்க!" என்று கணவரிடம் பூரித்துப் போனாள். அவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். சத்தம் என்றாலே ஆகாது. கார் கிளம்புவதற்கு முன்பே, கதவைச் சாத்துவதற்கும் முன்பே சீட் பெல்ட் போட்டுக்கொள்ளும் மனுஷர்.

"படிக்கிறதோட நிறுத்திக்கம்மா," என்றார்.

அவள் எங்கே நிறுத்தினாள்? அதே மாடல் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். 'கேக்கக்கா' என்ற பெயரே அங்கே வைத்ததுதான். குழுவில் இருவர் அவளுக்கு மிகவும் நெருக்கமானார்கள். ஒருவர் பல் டாக்டர். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று மாற்றி வைப்பதில் கெட்டிக்காரர். இன்னொருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். பேச்சு குறைவு. பேசினால் அது போல்ட்டைப் பற்றியதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லேத்துக்காரரின் பட்டறையில் வேலை நடந்தது. கேக்கக்கா டப்பா நிறைய கேக் ஓரங்களை வெட்டிக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போவாள். டர்போ தரும் சூடான காற்றைக் குளிர்விக்கிற இண்டர்கூலரைப் பெரிதாக்கினார்கள். காற்றின் அழுத்தத்தை டாக்டர் கொஞ்சம் ஏற்றி வைத்தார். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருந்த பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்ததால், கேக்கக்கா இணையத்தில் தேடிப் புதிதாக ஒரு சிலிக்கோன் குழாய் வாங்கினாள். செர்ரிப் பழம் மாதிரி பளபளவென்று சிவப்பு. பானெட்டைத் திறந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, தலைகால் புரியாத சந்தோஷத்தோடு ஓட்டிப் பார்த்தால், வண்டி மூச்சு வாங்கியது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. அழுத்தினால் முதலில் நன்றாகப் பாய்ந்து, சரியாகக் களைகட்டும் இடத்தில் படுத்துவிடும். காலை எடுத்தால் மறுபடி பழையபடி.

குழுவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிளக் என்றார் ஒருவர்; மாற்றினாள். காயில் என்றார் இன்னொருவர். டாக்டர் தன் வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மாட்டிப் பார்த்தார். பெட்ரோல் பம்பாக இருக்கும், சென்சாராக இருக்கும் என்று ஆலோசனை மழை. எங்கேயாவது காற்று கசிகிறதா என்று பார்க்க லேத்துக்காரர் குழாய்களுக்குள் புகை ஏற்றினார். பட்டறை முழுக்கப் புகை, எல்லோருக்கும் இருமல். ஆனால் அது புகைக் கருவியின் மூடியைத் திறந்தபோது வந்த புகை. குழாய்களில் ஒரு பொட்டுக் கசிவுகூட இல்லை.

"நிறுத்தி வெச்சுப் பார்த்தா நல்ல பிள்ளையா இருக்கு. ஓட்டினா டிமிக்கி கொடுக்குது," என்றார் டாக்டர். "ஓடும்போது உள்ள உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

"யாரு உட்கார்றது?" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் டாக்டரின் கைபேசியைப் பார்த்தார்கள்.

"ஐயோ, இது புதுசுங்க!"

"அப்ப வீடியோ தெளிவா இருக்கும்," என்றார் லேத்துக்காரர். அந்த ஞாயிறு அவர் போல்ட்டைத் தவிர வேறு எதைப் பற்றியாவது முதல்முறையாகப் பேசியது அப்போதுதான்.

கைபேசியைத் துணியில் சுற்றி, கேமராவை மட்டும் வெளியே விட்டு, சூடு படாத மூலையில் பட்டையால் கட்டினார்கள். டார்ச்சையும் எரியவிட்டு பானெட்டை மூடினார்கள். கேக்கக்கா ஆளில்லாத புறவழிச்சாலையில் ஒரு சுற்று போய்வந்தாள். பக்கத்துச் சீட்டில் டாக்டர் வழி நெடுக, "போனு, போனு" என்று முனகிக்கொண்டே வந்தார்.

போன் பிழைத்திருந்தது. நாலு தலைகள் அதன் மேல் கவிழ்ந்தன. திரையில் எஞ்சின் அதிர்கிறது, ஒயர்கள் ஆடுகின்றன. விசில் சத்தம் ஏறுகிறது. அப்போது அந்த அழகான சிவப்புக் குழாய் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி, சப்பென்று ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் ஒன்றும் தெரியாததுபோல மறுபடி உருண்டையாகிவிட்டது.

"பல் செட்டைக் கழட்டின வாய்!" என்று கத்தினார் டாக்டர். "தினமும் பார்க்கிறேனே! அப்படியே!"

கையும் களவுமாக மாட்டியது குழாய். டர்போ முன்னைவிட வேகமாகக் காற்றை இழுக்க, மெலிசான சிலிக்கோன் தாங்க முடியாமல் மடங்கியிருக்கிறது. ஊதிப் பார்த்தால் எப்படித் தெரியும்? உறிஞ்சினால்தானே ஒட்டும்! மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாத்தனார் கன்னத்தை உள்ளே இழுத்து அதேபோலச் செய்து காட்ட, லேத்துக்காரரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நிறத்தைப் பார்த்து வாங்கினேன் அண்ணே, கனத்தைப் பார்க்கலை," என்றாள் கேக்கக்கா.

"உள்ள கம்பிச்சுருள் வெச்சா நிக்காதா?" என்று டாக்டர் கேட்டார்.

"கம்பி உடைஞ்சு டர்போவுக்குள்ள போச்சுன்னா கதை முடிஞ்சுது. உலோகக் குழாய்தான் வேணும். இந்தச் சைஸ்ல அலுமினியம்." லேத்துக்காரர் விரலால் வட்டம் காட்டினார். "இன்னிக்குக் கடை இல்லையே."

கேக்கக்கா அந்த வட்டத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய பெரிய கேக் ஸ்டாண்டின் ஒரு கால் இருந்தது. உள்ளே கூடான, தடித்த அலுமினியக் குழாய். பின்னாலேயே பஸ் பிடித்து வந்து இறங்கினார் கணவர்.

"ஸ்டாண்டுக் காலைக் கழட்டிக்கிட்டு ஓடினா நான் என்னன்னு நினைக்கிறது?" என்றார் மூச்சிரைக்க.

லேத்துக்காரர் அளந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. குழாயை அளவாக வெட்டி, முனைகளைப் பிசிறில்லாமல் கடைந்து, உள்ளே ஒரு தூசி இல்லாமல் கழுவித் துடைத்தார். சிவப்புக் குழாயில் இரண்டு முனைகளை மட்டும் வெட்டி இணைப்புக்கு வைத்துக்கொண்டார்கள். கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று.

"நீங்களும் ஏறுங்க," என்றாள் கேக்கக்கா கணவரிடம்.

"நானா? நான் நூலகத்துக்காரன்மா."

"நூலகத்துல போய் உட்காரச் சொல்லலை. இங்க உட்காருங்க."

ஐந்து பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். புறவழிச்சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் அழுத்தினாள். விசில் ஏறியது, வழக்கமாகப் படுத்துவிடும் இடம் வந்தது, போனது, வண்டி இன்னும் பாய்ந்துகொண்டே இருந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். நாத்தனார் "ஊ!" என்று நீளமாக ஒரு சத்தம் போட்டாள். அதைவிட நீளமாக இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்துவது கணவர்.

அவள் பதறிப்போய்க் காலை எடுத்தாள். "என்னங்க, பயந்துட்டீங்களா?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஏன் நிறுத்தினே? போ, போ!"

மறுபடி அழுத்தினாள். இந்த முறை எஞ்சின் மட்டும் 'கீ' என்று உச்சத்துக்குப் போனது, வண்டி அதற்கேற்ற வேகத்தில் போகவில்லை. லேசாகத் தீய்ந்த வாடை. லேத்துக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"கிளட்ச். வழுக்குது. புது பலத்தை அதால தாங்க முடியலை."

டாக்டர் உடனே கைகளைத் தேய்த்துக்கொண்டார். நாத்தனார் யாருக்கு எந்த ஞாயிறு வசதி என்று கேட்க ஆரம்பித்தாள். இந்தக் காருக்கு எந்தெந்தக் கிளட்ச் சரிவரும் என்று குழுவில் கேட்கச் சொல்லிக் கேக்கக்காவை அவசரப்படுத்தியதோ, சாட்சாத் அவள் கணவர்தான். அவள் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி, கிளட்ச்சுக்கு வலிக்காமல், பூனை நடையாகப் பட்டறைக்கு ஓட்டிவந்தாள்.