ஷட்டருக்குள் ஒரு வியாழக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. இடம் புனே. நிக்டிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்து.

அப்போது நான் சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். மனைவி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகளும் அவளோடு இருந்து அங்கேயே படித்தாள். நிக்டியில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக நான் மட்டும். காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ், ராத்திரி மனைவியோடு ஃபோனில் கொஞ்ச நேரம். ஒரு நாளில் நான் பேசும் தமிழே அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் இந்தி. அதுவும் கடைக்காரர் சிரிக்கிற இந்தி.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட வேண்டும் என்ற எண்ணம் வெகு நாளாக இருந்தது. இயந்திரத்தில் துளை போடும்போது பொருள் அசையாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புப் பிடிப்பு வேண்டும். அதை ஃபிக்ஸ்சர் என்போம். அதைச் செய்வதில் எனக்கு நல்ல கை. பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்காரர், மாதிரிக்கு ஒன்று செய்து கொடுங்கள், சரியாக இருந்தால் தொடர்ந்து உங்களுக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அந்தச் சந்தில் ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்தேன். தகரக் கூரை, ஒரு ஷட்டர், எட்டாத உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். பழைய டிரில்லிங் மெஷின் ஒன்றும் வாங்கிப் போட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனியில் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அங்கே என் மேலாளர் என்னைவிட வயதில் சின்னவர், உள்ளூர்க்காரர். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் என்பது என் எண்ணம். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். தெற்கத்திக்காரன் என்றாலே இந்த ஊரில் அண்ணாதானே, அதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொள்வேன். சொல்லப்போனால், வேலையை விட வேண்டும் என்று தோன்றியதில் பாதி அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். சரி என்றால் அப்புறம் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் தினமும் ஃபோனில், சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன், அவ்வளவுதான். நாலு மாதம் இப்படியே ஓட்டினேன்.

புனேயின் அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கெல்லாம் வியாழன்தான் வார விடுமுறை. எனக்கும் அன்றுதான் லீவு. சந்து முழுக்க ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும், ஈ காக்கை இருக்காது. கரண்டும் பல வியாழன்களில் போய்விடும். எனக்கு அதுவே வசதி, அரத்தை வைத்துக் கையால் ராவுகிற வேலையைச் செய்யலாம், யார் கண்ணிலும் பட வேண்டாம். அப்படியும் நிக்டியில் எங்கள் கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால், உள்ளே போனதும் ஷட்டரைத் தரையோடு இறக்கிவிட்டுத்தான் உட்காருவேன்.

அன்றைக்கும் இழுத்தேன். பாதி வந்ததும் தலைக்கு மேலே டமார் என்று ஒரு சத்தம். ஷட்டர் மடமடவென்று தானே இறங்கித் தரையில் மோதி நின்றது. நான் பின்னால் போய் விழுந்தேன். மேலே இருந்த ஸ்பிரிங் அறுந்துபோயிருந்தது. ஸ்பிரிங் இல்லாத ஷட்டர் வெறும் இரும்புச் சுவர்தான், ஒற்றை ஆளால் தூக்கவே முடியாது.

அந்த ஸ்பிரிங் பல வாரமாகக் கீச் கீச் என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. வரும்போதெல்லாம் கேட்டேன். பதினாறு வருடம் பெரிய தொழிற்சாலையில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதிலாவது சத்தம் வந்தால் ஒரு சீட்டு எழுதிப் போட்டால் போதும், மராமத்துப் பிரிவிலிருந்து யாராவது வந்து பார்ப்பார்கள். இங்கேயும் யாராவது வருவார்கள் என்று மனசின் ஒரு மூலையில் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. அந்த யாராவது இனிமேல் நான்தான் என்பது தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

முதலில் பெரிதாகப் பயப்படவில்லை. நீளமான ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஷட்டரின் அடியில் கொடுத்து நெம்பினேன். ஒரு கை நுழையும் அளவுக்குத் தூக்கியது. ஆனால் தூக்கிப் பிடித்த நேரத்தில் அடியில் கட்டை வைக்க இன்னொரு ஆள் வேண்டும். கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டே எட்டிக் கட்டையைத் தள்ளப் பார்த்தேன், வழுக்கி விட்டது, விரல் நசுங்கியிருக்கும். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

கட்டட உரிமையாளரைக் கூப்பிட்டேன். ஊர்த் திருவிழாவுக்கென்று சாதாரா பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தார், ஃபோன் போகவே இல்லை. ஷட்டர் ரிப்பேர் என்று ஃபோனில் தேடிக் கிடைத்த இரண்டு பேரையும் பிடித்தேன். இரண்டு பேரும் வியாழக்கிழமை என்றார்கள், மராத்தியில் 'உத்யா' என்றார்கள். நாளைக்காம். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று என் இந்தியில் எவ்வளவோ சொன்னேன். ஒருவர் சரி சரி, உத்யா என்று மறுபடியும் சொல்லி வைத்துவிட்டார்.

ஷட்டரைத் தட்டினேன், கத்தினேன். வெளியே ஒரு நாய் மட்டும் பதிலுக்குக் குரைத்துவிட்டுப் போனது.

வெயில் ஏற ஏறத் தகரக் கூரை இறங்கி வருகிற மாதிரி இருந்தது. மின்விசிறி இல்லை, பாட்டிலில் அரை வாசிதான் தண்ணீர். சட்டையைக் கழற்றிவிட்டு ஃபோனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பெயரிலும் விரல் நின்றது, நகர்ந்தது. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு கதை சொல்ல வேண்டும். இங்கே எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது, நாலு மாதமாக இருக்கிறது, உங்களிடம் சொல்லவில்லை. போலீசைக் கூப்பிடலாமா என்றும் நினைத்தேன், மறுநாள் ஊர் முழுக்கத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது ஒன்று தோன்றியது. இன்றைக்கு நான் அறைக்குத் திரும்பவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரருக்குத் தெரியாது. பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது. நாளைக் காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடிப்பார், லீவு போலிருக்கிறது என்று கிளம்பிவிடுவார். அந்த ஒரு ஹாரன்தான் இந்த ஊரில் என்னைத் தேடுகிற சத்தம். ராத்திரி ஃபோன் எடுக்கவில்லை என்றால் மனைவி பதறுவாள். ஆனால் பொள்ளாச்சியில் இருந்துகொண்டு எங்கே என்று தேடச் சொல்வாள்? நான் இருக்கும் இடம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நானே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். பார்க்கத்தான் யாரும் இல்லையே.

ஃபோனில் சார்ஜ் குறைந்துகொண்டு வந்தது. நிக்டியில் இருந்த கம்பெனி ஆட்களில் நான் ஃபோன் நம்பர் வைத்திருந்தது ஒரே ஒருவருடையதுதான். என் மேலாளர்.

என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. சந்தின் பெயரைச் சொன்னேன், ஷட்டர் என்று சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் வெளியே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. "அண்ணா" என்று குரல் வந்தது. அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குக் கிண்டலாகவே கேட்கவில்லை.

நான் உள்ளேயிருந்து நெம்பினேன், அவர் வெளியே இருந்து செங்கலைத் தள்ளினார். மறுபடி நெம்பினேன், இன்னொரு செங்கல். இரண்டு பேர் சேர்ந்தால் அது ஒரு வேலையே இல்லை. உடம்பு நுழையும் அளவுக்கு இடம் வந்ததும் மல்லாந்து படுத்து நகர்ந்து வெளியே வந்தேன். சட்டை இல்லாமல், தலையெல்லாம் துரு, அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் என் முகம். யாருடைய முகத்தைப் பார்க்கக் கூடாது என்று பட்டறை போட்டேனோ, அவர் கால்மாட்டில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன்.

சந்தின் நிழல் பக்கமாக இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்தார். வியாழக்கிழமை அவருக்கு விரதமாம், அதற்காக வீட்டில் செய்திருந்த ஜவ்வரிசிக் கிச்சடியைக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். வேர்க்கடலைப் பொடியும் பச்சை மிளகாயுமாக, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே நானாக எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிக்ஸ்சர், பம்பு கம்பெனி, நாலு மாதம். அவர் மேல் இருந்த வருத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

புத்தி சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ ஷட்டரின் இடுக்கு வழியாக உள்ளே குனிந்து பார்த்தார், டிரில்லிங் மெஷின் பழசா என்று கேட்டார். பிறகு, "வீட்ல தெரியுமா, அண்ணா?" என்றார் இந்தியில். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. கையில் இருந்த டப்பாவை மூடிவிட்டு, முதலில் வீட்டுக்கு ஃபோன் போடுங்கள் என்று சொல்லித் தன் ஃபோனை நீட்டிவிட்டு, சந்தின் முனை வரைக்கும் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தெரியாத எண்ணிலிருந்து என் குரல் வந்ததும் மனைவி பயந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் சொன்னாள். "ஏனுங்க, நாலு மாசமா நீங்க என்னமோ மறைக்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. கேட்டா பொய் சொல்ல வேண்டி வருமேன்னுதான் கேக்கல. வேலைய உடறதுன்னா உடுங்க, வேண்டாம்னா இருங்க. எங்க இருக்கறீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

அவள் அழுதது எனக்குக் கேட்டது. நான் அழுததும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. கம்பெனியிலும் யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் வழக்கம்போல மீட்டிங்கில் என் அறிக்கையில் குறை சொன்னார். அவர் அப்படித்தான்.

நான் உடனே வேலையை விடவில்லை. மாதிரிக்குச் செய்த அந்த ஃபிக்ஸ்சர் தேறியது. ராத்திரி ஃபோனில் மனைவியும் நானும் முதல் தடவையாக இதைப் பற்றிச் சண்டை போட்டோம், கணக்குப் பார்த்தோம், மறுபடி சண்டை போட்டோம். மழைக்காலம் முடிந்து ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுபோனபோது, அதை வாங்கிக்கொண்ட மேலாளர், புது ஸ்பிரிங் போட்டாயிற்றா என்றுதான் கேட்டார்.

இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன். மகளின் படிப்பு முடியும் வரை அவர்கள் ஊரில், நான் இங்கே. சொந்தத் தொழிலில் தனிமை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கூடத்தான் செய்யும். ஹாரன் அடிக்கிற பஸ்கூட இப்போது கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மனைவிக்கு ஒரு மெசேஜ், மாலையில் பூட்டியதும் ஒரு மெசேஜ். மாதம் பிறந்தால் ஸ்பிரிங்குக்கு நானே எண்ணெய் விடுகிறேன்.

பட்டறையை வாடகைக்கு எடுத்த அன்று உரிமையாளர் இரண்டு சாவி கொடுத்திருந்தார். கொடுக்க ஆள் இல்லாமல் இரண்டையும் ஒரே வளையத்தில் போட்டு என் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். இரண்டாவது சாவி இப்போது என் பழைய மேலாளர் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாமா என்று என்னிடம் யாராவது யோசனை கேட்டால், முதலீடு எவ்வளவு, ஆர்டர் இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. இரண்டாவது சாவியை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.