கணக்கில் நிற்காத படகு

மையொட்டிய விரல்கள் x-ஐப் பன்னிரண்டாலும் எட்டாலும் வகுத்து எழுதின. பரீட்சைத் தாளில் ஒரு படகு, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் போய் எட்டு கிலோமீற்றர் வேகத்தில் திரும்புகிறது. மொத்தம் இரண்டரை மணித்தியாலம். ஒருவழித் தூரம் x என்ன?

மூதூர்ப் படகில் வருடக்கணக்காக டிக்கட் கொடுக்கும் ஸப்வானுக்கு, கணிதம் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரம். பழக்கதோஷத்தில், ஆள் ஏற்றி இறக்க அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டான். விடை தசமத்தில் இழுபட்டது.

வீட்டில் பயிற்சி செய்தபோதும் இதே பிழையைக் கண்டு மனைவி றுமானா சிரித்தது நினைவு வந்தது.

“கணக்குல வாற படகு துறையில நிக்காது, அப்படியே திரும்பும். நீங்க ஆருக்கு டிக்கட் கிழிக்கிறீங்க?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அரை மணித்தியாலத்தைத் திரும்பச் சேர்த்தான். x பன்னிரண்டு. போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை, சரி.

விடைத்தாளை மேற்பார்வையாளரிடம் நீட்டினான்.