யாரையும் தொடவிடாத அரை மணி நேரம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கீழே விழுந்தால் எங்கே அடிபட்டது என்று கேட்கமாட்டார்கள். ஆட்டோ எங்கே என்றுதான் கேட்பார்கள். ஆந்திராவில் இருக்கும் எங்கள் வடமாலபேட்டைக்குப் புத்தூர் கூப்பிடு தூரம், புத்தூர் என்றால் எலும்புக் கட்டு. கல்யாணமான புதிதில் என் மணிக்கட்டு முறிந்தபோது அந்தக் கட்டுதான் சேர்த்துவைத்தது. இன்றைக்கும் அந்தக் கையால்தான் நிறைகுடம் தூக்குகிறேன். அதனால் கட்டை நான் குறை சொல்லவில்லை, எங்கள் அவசரத்தைத்தான் சொல்கிறேன். விழுந்தவரைக் கையும் காலுமாகப் பிடித்து, மூட்டை மாதிரி மடக்கி ஆட்டோவில் திணிக்கிற அவசரம். அது என் புருஷனை முடித்திருக்கும்.

மாங்காய் பறிக்கும் காலம் அது. வருஷக்கணக்காக ஊரார் தோட்டத்தில் கூலிக்குப் பறித்த பிறகு நாங்கள் சொந்தமாக வாங்கியது முக்கால் ஏக்கர். சொந்த மரத்தில் வேறு ஆளை ஏற்ற அவருக்கு மனசு வராது. காலை ஒன்பது மணி இருக்கும். நான் கீழே உட்கார்ந்து காயைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலே கிளை முறிகிற சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் அவர் எனக்கு எதிரில் மல்லாந்து கிடந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கண்ணும் திறந்துதான் இருந்தது.

"அடியே, காலு இருக்குதா பாரு. எனக்கு ஒண்ணுமே தெரியலடி."

இரண்டு காலும் இருந்தன. நகம் பதியக் கிள்ளினேன். அவருக்கு உறைக்கவில்லை. மரம் ஏறிப் பிழைக்கிற மனுஷன், நாற்பது வயதுகூட ஆகவில்லை. இனிமேல் எழுந்திருக்கவே மாட்டாரா?

போனை எடுத்து நூற்றெட்டை அழுத்தினேன். "முந்து ஊரு பேரு செப்பம்மா" என்றது ஒரு பெண் குரல். முதலில் ஊர்ப் பெயரைச் சொல் என்கிறாள். நான் ஊரையா சொன்னேன்? காலையில் அவர் கூழ் குடித்தது, அந்தக் கிளை வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டது என்று ராமாயணத்தையே பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் கொட்டினேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் ஊரைக் கேட்டாள், சொன்னேன். ஊரில் எங்கே என்றாள். "பெங்களூரா மாந்தோப்பு" என்றேன். எங்கள் மண்டலத்தில் பெங்களூரா ரக மாங்காய் இல்லாத தோப்பு எது? அவள் பொறுமையாக, ரோட்டிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சென்னை ரோட்டில் இடது பக்கம் நீலத் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி மண் பாதை, பாதையில் கடைசித் தோப்பு.

மூச்சு விடுகிறாரா, பேசுகிறாரா, காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். அவரை அசைக்காதே. வாயில் தண்ணீர்கூட ஊற்றாதே. தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள். ஒரு ஆளை ரோட்டுக்கு அனுப்பு. நான் சொல்லும்வரை போனை வைக்காதே. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். அவர் தலைமாட்டில் மண்டியிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் பக்கத்துத் தோப்பிலிருந்து மாமா ஓடிவந்தார், என் புருஷனின் அண்ணன். பின்னாலேயே சொம்புத் தண்ணீரோடு அவர் பெண்சாதி. ஆட்டோவும் வரப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதுதான் எங்கள் ஊர்.

"காலை நான் புடிக்கறேன், தோளை நீ புடி" என்று மாமா ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே குனிந்தார்.

"மாமா, தொடாதீங்க. வண்டி வந்துக்கினு இருக்குது."

"அந்த வண்டி வர்றதுக்குள்ள புத்தூருக்குப் போயி கட்டு போட்டுக்கினு, இட்லி துன்னுட்டு வந்துடலாம். நகரும்மா!"

பதினேழு வருஷத்தில் நான் அவர் எதிரில் உட்கார்ந்தது இல்லை, குரல் உயர்த்தியதும் இல்லை. அன்று உட்கார்ந்தபடியே கத்தினேன்.

"எந்தம்பி எந்தம்பின்னு கை வெச்சீங்க, அண்ணன்னுகூட பார்க்கமாட்டேன், கடிச்சிடுவேன்!"

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கையும் தலையைப் பிடித்திருக்கிறதே, வேறு எதனால் சண்டை போடுவது? தரையில் கிடந்த போன், "சார், முதுகெலும்பு சார், தூக்காதீர்கள்" என்று தெலுங்கில் கெஞ்சியது. மாமா போனை முறைத்தார். "எங்கியோ உட்கார்ந்துக்கினு இவ சொல்றா, நாம கேக்கணுமா?" என்று மறுபடியும் குனிந்தார்.

கத்தினால் இந்த மனுஷன் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஒரு வேலை. தம்பி கிடக்கும்போது சும்மா நிற்க அவருக்குத் தெரியாது.

"மாமா, வண்டிக்காரனுக்கு இந்தப் பாதை தெரியாது. தொட்டிகிட்ட நின்னு நீங்க கை காட்டலன்னா வண்டி நேரா ரேணிகுண்டாவுக்குப் போயிடும். உங்களை வுட்டா யாரு இருக்குறா?"

மாமா நிமிர்ந்தார். தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறி ரோட்டுக்குப் பறந்தார்.

பிறகு முசுறு எறும்புகள். முறிந்த கிளையோடு கூடும் விழுந்திருந்தது. என் கை, அவர் கழுத்து, காது என்று ஏறிக் கடித்தன. நான் கையை எடுக்கவில்லை. மாமாவின் பெண்சாதிதான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். அவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபோதும் கொடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் வண்டி வந்தது. முன்னால் ஆட்டோ, அதில் பாதி உடம்பை வெளியே நீட்டித் துண்டை ஆட்டிக்கொண்டு மாமா. தேருக்கு வழிவிடச் சொல்கிற மாதிரி இருந்தது.

கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். உடம்பு வளையாமல் பலகைக்கு மாற்றினார்கள். "யாரு இவரை அசைக்காம வெச்சிருந்தது?" என்று வண்டியில் வந்தவர் கேட்டார். "நாங்கதான்" என்றார் மாமா. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் நரம்பு நசுங்கியதோடு நின்றிருக்கிறது, அறுபடவில்லை என்றார். மடக்கித் தூக்கியிருந்தால் அறுந்திருக்கலாமாம். அன்றே ஆபரேஷன். ஆறாம் நாள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நர்ஸ் அதட்டினாள். அதட்டட்டும்.

இப்போது எங்கள் தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கதையை அப்புறம் சொல், முதலில் இடத்தைச் சொல். என்ன தோப்பு என்று சொல்லாதே, ரோட்டில் என்ன தெரியும் என்று சொல். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதே. ரோட்டுக்கு ஆளை அனுப்பு, அதுவும் அதிகமாகக் கத்துகிற ஆளாகப் பார்த்து அனுப்பு.

மூன்று மாதம் கழித்துத் திருப்பதியில் காட்டிவிட்டு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினோம். தோளைப் பிடித்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கம்பை ஊன்றி மண் பாதையில் முதல் அடி வைத்தார். அப்புறம் இன்னொன்று. மெதுவாகத்தான், ஆனால் தானாக. தோப்புகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நடுப்பாதையில் நின்று ஓவென்று அழுதேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டி அழுவுற? நடக்கறது நானு."

"நடக்க வெச்சவ நானுய்யா. அழுவேன், உனக்கு இன்னா?"