காலி நாற்காலிக்கு விசிறுகிறவள்

ஆளில்லாத நாற்காலிக்கு முறத்தால் விசிறிக்கொண்டிருக்கிறாள் சாமியாத்தாள். நீல பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் வெள்ளைத் துண்டு. அதை அரசு அலுவலக வாசலில் பலாமரத்தடியில் போட்டுவிட்டு, செருப்பைத் தள்ளிக் கழற்றி, பக்கத்தில் பணிவாக நிற்கிறாள். யாராவது குறுக்கே நடந்தால் அதட்டல்தான்: "ஏனுங்க, பெரியவரு உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

இந்த மலைமேல் குண்டூர் நாட்டில் மிளகும் சாமையும் போடுகிறவள். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவே மாட்டாள். சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்போது துண்டின் மடிப்பைச் சரிசெய்வாள்.

எல்லாம் அலுவலகத்துக்குள்ளே அவள் பார்த்ததுதான். மகள் சின்னக்கண்ணுவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் போகாவிட்டால், அந்த இடம் வேறொருத்திக்கு. கையெழுத்திட வேண்டிய அதிகாரியோ ஒரு மாதமாகக் கீழே 'கேம்ப்'. அவர் அறையில் காலி நாற்காலிக்கு மேலே மின்விசிறி மட்டும் ஓயாமல் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டுப் போனவள், அடுத்த திங்களன்று தலையில் நாற்காலியும் கையில் முறமுமாக வந்தாள். இது மூன்றாவது திங்கள், தொண்ணூற்றொன்பது ஜூலை.

இப்போது மனுக்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். வரிசையாக வந்து நாற்காலியைக் கும்பிட்டு மனுவை நீட்டுகிறார்கள். "அய்யா யோசிக்கறாருங்க. அடுத்த வாரம் வா சாமி," என்கிறாள், எழுத்தர் பிலிப்பின் இழுவைக் குரலிலேயே. பிலிப் வெளியே வந்து கெஞ்சுகிறார்: "எடுத்திரும்மா, என் வேலை போயிரும்."

"நா எப்படிங்க எடுக்கறது? அய்யா எந்திரிச்சாத்தான?"

வெளிநாட்டில் ஒவ்வொரு விசா சாளரத்தின் முன்னும் கைகட்டி நின்றே பழகிய நான், ஊருக்கு வந்த இடத்தில், அதிகாரியின் ஜீப் வந்துவிடுமோ என்று மலைச்சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பயந்தபடியே ஜீப் வருகிறது. யாரோ கீழே செய்தி சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி இறங்கிக் கத்துகிறார்: "என்ன நாடகம் இது?"

"மெதுவாப் பேசுங்க. பெரியவரு கோவிச்சுக்குவாரு. வரிசையில வாங்க."

நாற்பது பேர் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். யாரும் வழிவிடவில்லை. பிலிப்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு, சான்றிதழையும் முத்திரையையும் முன்னால் நீட்டுகிறார். எப்போது எடுத்து வைத்தாரோ! கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்ற முகத்தோடு அதிகாரி சுற்றிலும் மேசை தேடுகிறார்.

"பெரியவரு மடியிலயே வெச்சு எழுதுங்க."

வேறு வழியில்லை. அந்தக் காலி நாற்காலியின் முன் அதிகாரி இடுப்பு வளையக் குனிகிறார். பேனா ஓடுகிறது, முத்திரை விழுகிறது. அவர் பிடரியெல்லாம் வியர்வை.

சாமியாத்தாள் முறத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவருக்கும் இரண்டு வீசு வீசுகிறாள்.