மாதவிலக்கு நின்றவர்களிடம் நான் கேட்கும் ஐந்தாவது கேள்வி

"இவளுக்கு இந்தி வராதுங்க டாக்டர். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றார் பொன்னுசாமி.

"நான் தமிழ்தான் சார்" என்றேன்.

"அதனால என்னங்க, நானே சொல்லிடறேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

டெல்லி ஜனக்புரியில் ஒரு இலவச கிளினிக்கில் நடந்தது இது. பெண்கள் நல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் இரண்டு காலை அங்கே உட்காருகிறேன். இந்தத் துறைக்கு இப்போது வரும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பொன்னுசாமி மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். பேங்க், ரேஷன் கடை, மின்சார ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று டெல்லியில் எல்லாக் கவுன்ட்டரிலும் மனைவிக்காக அவரே பேசியிருக்கிறார். அந்தப் பழக்கம் தமிழ் பேசும் மருத்துவர் முன்னாலும் விடவில்லை. கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சரஸ்வதிக்கு ஐம்பத்துமூன்று வயது. பெயர் கேட்டதற்கே கணவர் முகத்தைப் பார்த்தார்.

வரிசை

மாதவிலக்கு நின்ற பெண்ணிடம் நான் ஏழு கேள்விகள் கேட்பேன். தூக்கம், திடீரென்று உடம்பு சூடாகி வியர்ப்பது, மூட்டு வலி, மனச்சோர்வு என்று நான்கு. ஐந்தாவது, தாம்பத்திய உறவில் வலியோ வறட்சியோ உண்டா, விருப்பம் குறைந்திருக்கிறதா என்பது. ஆறாவது சிறுநீர். ஏழாவது, நின்றபின் மறுபடி ரத்தம் பட்டதா என்பது.

இந்த வரிசையை யோசித்துத்தான் அமைத்தேன். ஐந்தாவதை முதலிலேயே கேட்டால் மிரண்டுபோவார்கள். கடைசியில் கேட்டால், எழுந்து போகும் அவசரத்தில் ஒன்றுமில்லை என்பார்கள். நடுவில் கேட்டால், பதில் சொல்லக் கூச்சப்படுகிறவர் ஆறாவதுக்குத் தாவிவிடலாம். அவர் தாவுவதை நான் கவனித்துவிடலாம். பசி எடுக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும். நம் குரல் தாழ்ந்தால் அவருக்கும் வாய் அடைத்துவிடும்.

அதற்கு முன் கூட வந்தவர் வெளியே போயிருக்க வேண்டும். எனக்கு இதில் பதற்றம் அதிகம். கதவு சரியாகச் சாத்துகிறதா, பேச்சு காதில் விழாதபடி வெளியே பெஞ்ச் எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறதா என்று தினமும் இரண்டு தடவை பார்ப்பேன். "பெஞ்ச் எங்கேயும் ஓடிப்போகாது டாக்டர் சாப்" என்று சிஸ்டர் சுனிதா இந்தியில் கேலி செய்வார்.

அன்று பொன்னுசாமி அசையவில்லை. பேச்சு சூடு பிடித்தபின் அவரை வெளியே அனுப்பலாம் என்று தொடங்கினேன்.

"தூக்கம் எப்படிம்மா?"

"இவ நல்லாத் தூங்குவாங்க" என்றார் அவர்.

சரஸ்வதி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஹால்ல படுக்கறவருக்கு அது எப்படீங்க தெரியும்?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "சார், பரிசோதிக்கணும். கொஞ்சம் வெளியே இருங்க."

"நான் இருந்தா என்னங்க?"

சுனிதா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "சலியே அங்கிள்ஜி, ஜல்தி!" என்று இந்தியில் அவசரப்படுத்தினார்.

சனிக்கிழமை டிக்கெட்

சரஸ்வதி மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தார். சனிக்கிழமை கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"எப்பத் திரும்பி வர்றீங்க?"

அவர் முட்டியைத் தடவினார். நான்காவது வரை முடித்து ஐந்தாவதைக் கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுங்க" என்றார்.

ஆறாவதுக்குத் தாவிவிட்டார். "அந்த எரிச்சலும் உறவுல வர்ற வலியும் பல பேருக்குச் சேர்ந்தே வரும்மா. உங்களுக்கு எப்படி?"

அவர் சுனிதாவைப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது. சொல்லுங்க."

"கத்தியில கீறற மாதிரி இருக்குதுங்க. ரெண்டு வருசமாச்சு. அவரு பக்கத்துல வந்தாலே நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன். இப்ப அவரு வர்றதுமில்லீங்க, பேசறதுமில்லீங்க. மக வீட்டுலயே இருந்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. திரும்பி வர டிக்கெட் எடுக்கலைங்க. அவருக்குத் தெரியாது." சேலை நுனியை முறுக்கிக்கொண்டே, "இந்த வயசுல இதைப் பேசறது அசிங்கமில்லீங்களா?" என்றார்.

"முட்டி வலியைச் சொன்னப்ப அசிங்கமா இருந்துச்சா?"

"இல்லீங்க."

"இதுவும் உடம்புதான்."

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதனால் பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து வறண்டுபோகிறது, இது மனசு சம்பந்தப்பட்ட குறை இல்லை, மருந்து உண்டு என்று விளக்கினேன். ரத்தம் பட்டதில்லை, மார்பில் கட்டி இருந்ததில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். சுனிதா உடனிருக்கப் பரிசோதித்தேன். உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமும், உறவின்போது பயன்படுத்த ஒரு ஜெல்லும் எழுதினேன்.

"அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க டாக்டர்."

சொல்வது எனக்குச் சுலபம். ஆனால் அவருக்காகப் பேச ஏற்கெனவே ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தார். "நீங்க சொல்றதா இருந்தா கூப்பிடறேன். நான் பக்கத்துல இருக்கேன்."

சேலையைச் சரிசெய்துகொண்டு, சரி என்று தலையசைத்தார். பொன்னுசாமி உள்ளே வந்ததும், "மாத்திரை எத்தனை வேளைங்க?" என்றார்.

"அம்மா சொல்வாங்க."

"எனக்கு வலிக்குதுங்க" என்றார் சரஸ்வதி. "அதனாலதான் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன். உங்களைப் பிடிக்காம இல்லீங்க."

பொன்னுசாமிக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் என்னைப் பார்க்கவில்லை. "ரிட்டயராயி வீட்டோட கெடக்கற மனுசனைப் பிடிக்கலையாக்கும்னு நெனச்சுட்டேன் சரசு."

"பிடிக்காமத்தான் தினமும் உங்க கண்ணாடியைத் தேடித் தர்றனா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க எங்கீங்க என்னைப் பேச விட்டீங்க?"

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அவசரம் கூடாது, சரஸ்வதி போதும் என்றால் போதும் என்று நான் சொன்னேன். பொன்னுசாமி மேலதிகாரியிடம் சொல்வதுபோல் "சரிங்க சார்" என்றார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். சுனிதா சொல்லாமலே பொன்னுசாமி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"முக்காவாசி கொறைஞ்சிருச்சுங்க" என்றார் சரஸ்வதி.

"கோயம்புத்தூர்?"

"போயிட்டு வந்துட்டேனுங்க. திரும்பி வர டிக்கெட்டை அவரே எடுத்து அனுப்பினாரு. கீழ் பெர்த் கெடைக்கலைன்னு ரெண்டு நாள் தள்ளி எடுத்திருந்தாரு." சொல்லும்போது முகம் சிவந்தது.

நான் செய்த ஆபரேஷன்களுக்கு முழுக் கணக்கு வைத்திருக்கிறேன். ஆனாலும் நான் அதிகம் பெருமைப்படுவது அந்த ஐந்தாவது கேள்வியைப் பற்றித்தான். அதைக் கேட்காமல் அனுப்பியிருந்தால் சரஸ்வதி மூட்டு வலி மாத்திரையோடு ரயில் ஏறியிருப்பார்.

இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் கேளுங்கள். கேட்டபின் அவர் தரையைப் பார்ப்பார், சிஸ்டரைப் பார்ப்பார், முட்டியைத் தடவுவார். வெளியே வரிசை நீளமாக இருக்கும். அப்போதும் அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.