எழும்பாத தட்டு

மெலிந்தபோது நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர் சர்க்கரையைச் சொல்லிப் பயமுறுத்தியதும் ராத்திரிச் சோற்றை விட்டேன், காப்பியில் சீனியை விட்டேன், ஆபீசில் யாராவது வடையை நீட்டினால் முகத்தைச் சுளித்தேன். மளமளவென்று எடை இறங்கியது. அதை ஆபீசில் சொன்னேன், போனில் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். மலையாளம் கலந்து பேசும் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்கள், "என்ன, க்ஷீணிச்சுப் போயிட்டேளே?" என்று, நோயில் நலிந்தவனைக் கேட்பது போலக் கவலையாகக் கேட்பார்கள். நான் அதையும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

கோவிலில்தான் மாட்டிக்கொண்டேன். இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும்? கழற்றினால், தொப்பை இருந்த இடத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, சாமானை எடுத்த பிறகு தொங்கும் துணிப்பை மாதிரி. மேல்வேட்டியால் மூடிக்கொண்டே பிரகாரம் சுற்றினேன். அந்த வாரமே பழவங்காடிப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன்.

கை கால் கழன்று விழுகிற மாதிரி வலி. இவ்வளவு பாடுபட்ட பிறகு எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருக்கிறது! மெஷினை வேறு இடத்துக்கு நகர்த்தி ஏறினேன். மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் பார்த்தேன். ம்ஹூம். ஜிம் கோச் சிரித்தான்.

"சாரே, முதல்ல கொஞ்சம் கூடும். தசை நொந்தா தண்ணி பிடிக்கும். பின்ன சதை வைக்கும். டென்ஷன் வேண்டா."

அவன் சொன்னது புரிந்தது, மனசுதான் கேட்கவில்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது யார்? வீட்டில் மூச்சு விடவில்லை.

இந்த நேரம் பார்த்து அம்மா, எனக்காகத் துலாபாரம் நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். தராசில் ஒரு தட்டில் நான், மறு தட்டில் என் எடைக்கு எடை கதலிப்பழம். சர்க்கரை இறங்கியதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன்னா, இப்போ உங்க வெயிட் எவ்வளவு? பழத்துக்குச் சொல்லணும்" என்று மனைவி கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? "எழுபதாக்கும்" என்று பழைய கணக்கையே சொன்னேன், கொஞ்சம் பெருமையோடு வேறு. அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. துலாபாரத்துக்கு முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன்.

நாகர்கோவிலிலிருந்து தங்கையும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். கோவிலில் வெற்றுடம்போடு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிர்த் தட்டில் சீப்பு சீப்பாகப் பழம் ஏறியது. என் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. கடைசிச் சீப்பையும் வைத்தாயிற்று. அப்போதும் அப்படியேதான் கிடந்தது.

கோவில் ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போரா. இனியும் வேணும்."

"இவர் சொன்னதுக்கு மேலயே வாங்கினேனே!" என்றாள் மனைவி, அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் பழம் வாங்க என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் இறங்கப் போனேன்.

"எறங்கண்டா! பாதியில எறங்கக் கூடாது" என்று கோவில் ஆள் தடுத்தார்.

இருந்தேன். அடுத்ததாகக் கைக்குழந்தையோடு காத்திருந்த குடும்பம் என் வயிற்று மடிப்பையே பார்த்தது. கையால் மூடவும் முடியவில்லை, கும்பிட்ட கையை இறக்கினால் அம்மா கோபிப்பாள். மானம் கப்பலேறியது. பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

அம்மா கிட்டே வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"பாத்தேளா எல்லாரும்? கூடியிருக்கான்! நாளுக்கு நாள் உருகிப் போறானே, இவன் அப்பாவும் இப்படி மெலிஞ்சு மெலிஞ்சுதானே போய்ச் சேந்தார்னு கண்ணை மூட முடியாம கெடந்தேன். என் பிள்ளை உடம்பு தேறினா போறும்னு வேண்டிண்டேன். பகவான் கேட்டுட்டார்."

அப்பா மெலிந்த கதை எனக்கும் தெரியும். ஆபீசில் கேட்காதவனைப் பிடித்து நிறுத்திக் கிலோ கணக்குச் சொன்னவன், ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவிடம், "எனக்குப் பயப்படற வியாதி ஒண்ணும் இல்லை, நானாத்தான் சாப்பாட்டைக் கொறச்சேன்" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராத்திரி தட்டை நான் தள்ளியபோதெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பழம் வந்தது. தட்டு எழும்பியது. அதற்குப் பிறகும் அம்மா இன்னொரு சீப்பை எடுத்து எதிர்த் தட்டில் வைத்தாள்.

"இருக்கட்டும், இன்னும் கூடட்டும்."

இறங்கி அவள் காலில் விழுந்தேன். எல்லோரும் பக்தி என்று நினைத்தார்கள். எனக்குத் தலையைத் தூக்கி அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.