தண்ணிக் கரண்ட்டும் ஒரு கட்டு மிலாறும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், மாலையில் விளக்கு மங்கினால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. வாசலுக்கு வந்து, "யாரு அது? கழட்டுங்க!" என்று கத்துவார்கள். ஒரு வீட்டில் தொடங்கும் அந்தச் சத்தம் வரிசையாகக் கீழ் லயம் வரை போகும். எங்கோ ஒரு வீட்டில் யாரோ எதையோ கழட்டுவார்கள், விளக்கு மறுபடி பளிச்சென்று எரியும். கழட்டியது யார் என்று அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை. அப்படியொரு நாகரிகம் அங்கே இருந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

பூனாகலைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் நடந்து ஏற வேண்டிய டிவிசன் எங்களுடையது. மெயின் கரண்ட் கம்பி அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, பள்ளத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் சக்கரத்தைச் சுற்றவைத்து, அதிலிருந்து வரும் மின்சாரத்தை மாலை முதல் விடியும்வரை எல்லா வீடுகளும் பங்குபோட்டுக்கொள்ளும். அதற்குப் பெயர் தண்ணிக் கரண்ட். அதை நடத்த ஒரு சங்கம் உண்டு. வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு டிவி, போனுக்குச் சார்ஜ். அவ்வளவுதான். அயர்ன், கேத்தல், ரைஸ் குக்கர் எதுவும் கூடாது.

நான் பதுளை டவுனில் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்தேன், தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். விறகடுப்பு எனக்குச் சரிப்பட்டு வராது என்று வந்த அன்றே காஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். கவ்வாத்து வெட்டும் காலத்தில் லயத்துப் பெண்கள் எல்லாரும் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை, அந்த மிலாறை, கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்குவார்கள். அடுத்த கவ்வாத்து வரை அதுதான் அவர்களுக்கு அடுப்பு. நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நாடு முழுக்கக் காஸ் இல்லாமல் போனது. பண்டாரவளையில் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றுவிட்டு, வெறும் சிலிண்டரோடே திரும்பி வந்தேன். நான் வெறும் சிலிண்டரோடு வந்ததையும், அன்று சாயந்தரம் என் வீட்டுக் கூரையில் புகை எழாததையும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். லயத்தில் யார் வீட்டில் புகை வரவில்லை என்பது பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். கொழுந்தெடுத்துவிட்டு வந்த கையோடு, தன் அடுக்கிலிருந்து ஒரு பெரிய கட்டு மிலாறை உருவிக்கொண்டு வந்து என் அடுப்படியில் போட்டார்.

"ஏன் டீச்சர், பசியோட கெடந்தீங்களா? கேட்டா குடுக்க மாட்டமா?"

முதல் நாள் அதை எரித்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. பாடசாலைப் புடவையில் புகை நாறியது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. மறுநாள், கல்யாணச் சீரில் வந்து பெட்டிக்குள்ளேயே கிடந்த ரைஸ் குக்கரை வெளியே எடுத்தேன். அரிசி வாளிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் வைத்து, மாலை விளக்கு வந்ததும் பிளக்கைச் செருகினேன்.

விளக்கு மங்கியது. "யாரு அது? கழட்டுங்க!" என்று குரல்கள் கிளம்பின. சோறு பாதி வெந்திருந்தது. நான் கழட்டவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். இன்னொரு வேலையும் செய்தேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. குக்கரில் சோறு வேகும்போது, வெறும் அடுப்பில் நாலைந்து மிலாறுக் குச்சிகளைக் கொளுத்திவிடுவேன். கூரையில் புகை தெரிய வேண்டுமே! சட்டி பானை எதுவும் ஏற்றாமல் அது பாட்டுக்கு எரியும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு மழை விட்டு ஓடை மெலிந்துகொண்டிருந்த நேரம் அது. இருக்கிற தண்ணீரே கொஞ்சம். நான் குக்கரைச் செருகினால் கீழ் லயத்தில் விளக்கு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்துபோகும், டிவி ஆடும். கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை வறண்டது. கழட்டுகிறவர் யாரையும் காணோம். அப்போதுதான் ஊர் கண்ணால் தேட ஆரம்பித்தது.

கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு அக்காவின் ஜன்னலில் மஞ்சளாக எரியும் பழைய குண்டு பல்பு.

அவர் கோழிக்குஞ்சு வளர்க்கத் தொடங்கியிருந்தார். மொனராகலைப் பக்கமிருந்து வரும் லொறியில் வாங்கிய குஞ்சுகள். பலகைப் பெட்டிக்குள் விட்டு, குளிருக்கு அந்தப் பல்பைத் தொங்கவிட்டிருந்தார். கூடை சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது, முட்டை விற்றாவது மலையேறுவதை விட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் டிவி கிடையாது. டிவிக்குப் பதிலாகத்தான் பல்பு என்று சங்கத்தில் கேட்டு, அனுமதி வாங்கித்தான் போட்டிருந்தார்.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. தண்ணீரைத் திறந்து மூடுகிற பெரியவர்தான் சங்கத் தலைவர். அக்கா சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. இந்தக் குண்டு பல்பு கரண்ட்ட கூட இழுக்குமா?"

ஒரு டிவி இழுக்கும் அளவுக்குத்தான் இழுக்கும், இவ்வளவு மங்க வைக்காது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னது வேறு.

"சூடாகுற சாமான் எதுவும் கரண்ட்ட கூடத்தாங்க இழுக்கும்."

பொய் இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்காது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அன்று சாயந்தரமே அக்கா வீட்டு வயரைக் கழட்டிவிட்டார்கள்.

பயத்தில் நான் குக்கரைத் தொடவில்லை. விளக்குகள் அசையாமல் எரிந்தன. "பாத்தீங்களா, அந்த பல்புதான்!" என்றார்கள். நான் நல்லவளாக மாறியதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கரண்ட் திருடி என்று பீலியடியில், குடம் நிரம்பக் காத்து நிற்கும்போது, பெண்கள் அவர் காதுபடவே பேசினார்கள்.

அக்கா சுடுதண்ணீர் போத்தலைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். விடியும்போது போத்தல் ஆறிவிடும். இரண்டு மூன்று இரவுகளில் பெட்டி ஏறக்குறைய காலியானது. உரச் சாக்கில் செத்த குஞ்சுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்.

"குளிரு டீச்சர். ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கெடந்துச்சு" என்றார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் வகுப்பில் சக்தி முதல்கள் பாடம். கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் நிலக்கரி, டீசல், காஸ் என்றும் மறுபக்கம் வெயில், காற்று, ஓடும் தண்ணீர், விறகு என்றும் எழுதினேன். இந்தப் பக்கம் உள்ளவை எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும், அந்தப் பக்கம் உள்ளவை மறுபடி மறுபடி கிடைக்கும் என்று வாய் சொல்லிக்கொண்டே போனது. மனசு வேறு கணக்கில் இருந்தது. காஸ் எரித்த காலத்தில் நான் என்ன சமைத்தாலும் பக்கத்து வீட்டு விளக்கு மங்கியதில்லை. அதன் கெடுதல் எங்கோ தூரத்தில், என்றோ ஒருநாள், எனக்குத் தெரியாத யாருக்கோ. தண்ணிக் கரண்ட் அப்படி இல்லை. நாளைக்கும் ஓடை ஓடும், சரி. ஆனால் இந்த நிமிடம் ஓடுகிற தண்ணீர் இவ்வளவுதான். நான் கூடுதலாக எடுத்தால் அடுத்த வீட்டில் அந்த நிமிடமே குறையும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் இன்றும் தண்ணீர் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு வாழ, பக்கத்து வீட்டை நினைக்கிற ஆள் வேண்டும். நான் அந்த ஆள் இல்லை. சோக்கட்டியை வைத்துவிட்டு, மிச்சப் பாடத்தை வாசிக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை குக்கரை மூலையிலிருந்து எடுத்து வந்து, முன்அறையில் வாசலுக்கு நேராக வைத்தேன். கதவை நன்றாகத் திறந்துவிட்டேன். விளக்கு வந்தது. அரிசியைப் போட்டுச் செருகினேன்.

மங்கியது.

"யாரு அது? கழட்டுங்க!"

வாசலில் போய் நின்றேன். "நான்தாங்க!" என்று கத்தினேன். "அன்னைக்கும் நான்தான். அந்தப் பல்பு இல்ல. இந்தக் குக்கர்தான்!"

சத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். தலைவர் குக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் புள்ள வீட்டு வயர மாட்டிட்டு வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒருத்தி முணுமுணுத்தாள், இன்னொருத்தி சிரித்தாள். எல்லாம் எனக்கு வேண்டியதுதான். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மனதில் ஒரு நிம்மதிகூட வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

கடைசியாக அக்கா வந்தார். குக்கரை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர் கண் எனக்குப் பின்னால், அடுப்படிப் பக்கம் போனது. அங்கே அவர் கொடுத்த மிலாறு பாதிக் கட்டு இன்னும் இருந்தது. அடுப்பில் சாம்பலும் இருந்தது.

"அப்ப நான் குடுத்த மிலாற என்ன செஞ்சீங்க டீச்சர்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"புகைக்கு எரிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. "கூரையில புகை தெரியணும்னு... சும்மா எரிச்சேன்க்கா."

அவர் அந்தச் சாம்பலை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே வந்து குனிந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மிச்சமிருந்த பாதிக் கட்டைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.